மூன்றாவது ஓட்டம்

சூசைநாதனும் அவன் அண்ணன் செபாஸ்டியனும் ஒரு நாள்கூட ஒரே கட்சியில் ஆடியதில்லை. பகை ஒன்றும் இல்லை. உத்தி பிரிப்பதுதான் காரணம்.

ஆட்டம் தொடங்குமுன் கட்சி பிரிக்கப் பையன்கள் இரண்டிரண்டு பேராகத் தோளில் கை போட்டுக்கொண்டு அங்சானா மரத்துக்குப் பின்னால் போவார்கள். ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து தலைவர்களிடம் கேட்பார்கள்: கப்பல் வேணுமா, சாம்பான் வேணுமா? கப்பலைக் கேட்ட தலைவனுக்குக் கப்பல். சாம்பான் என்ற சின்னப் படகு மற்றவனுக்கு. சரிசமமானவர்கள்தான் சோடி சேரவேண்டும் என்பது விதி. செபாஸ்டியனுக்கும் சூசைக்கும் நடுவில் முழுசாக ஒரு வருஷம்கூடக் கிடையாது. ஒரே உயரம், ஒரே வேகம், ஒரே துணியில் தைத்த கால்சட்டை. ஆகவே எப்போதும் அவர்கள்தான் சோடி. தோளில் கை போட்டபடி மரத்துக்குப் பின்னால் போவார்கள். திரும்பி வந்த நிமிஷத்திலிருந்து எதிரிகள்.

மரத்துக்குப் பின்னாலேயே சண்டை தொடங்கிவிடும்.

"அண்ணே, நான் புலி."

"நேத்தும் நீதான் புலி. இன்னிக்கு நான்."

"அப்ப நான் யானை."

"யானை புலியை விடப் பெரிசு. முடியாதுலா. நீ ஆமை."

"ஆமையை எவன் கேப்பான்?"

"எவனும் கேக்கமாட்டான். அதுக்குத்தான்."

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றில். அப்பா பாக்கியசாமி துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய சந்தில் வீடு. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பாய். சந்துப் பையன்கள் ஆடியது ஆற்றங்கரையில் வண்ணாந்துறைத் திடலில். சலவைக்காரர்கள் துணி காயப்போடும் இடம் அது. மூன்று மணிக்கு மேல் பாதிக் கொடிகள் காலியாகிவிடும். மீதிப் பாதியில் வெள்ளைக்காரர்களின் படுக்கை விரிப்புகள் காற்றில் அடித்துக்கொண்டிருக்கும். அவற்றுக்குக் காவல் ஜெயலெட்சுமி அக்கா. கொடியைத் தூக்கி நிறுத்தும் மூங்கில் கழி அவள் கையில் இருக்கும். பந்து துணியில் பட்டால் அடித்தவன் அவுட். அந்த விதியைப் போட்டது பையன்கள் அல்ல, அந்தக் கழி.

மற்ற விதிகளைப் பையன்களே போட்டார்கள். மரத்தைத் தாண்டினால் நான்கு. ஆற்று ஓரம் போனால் ஓடி எடுக்கவேண்டும். அம்பயர் அடிக்கும் கட்சியிலிருந்து வரவேண்டும். கேட்சு பிடித்தவன் சொல்தான் கடைசிச் சொல். பந்து தரையில் பட்டுச்சா என்று அவனைக் கேட்க வேண்டும். படல என்றால் அவுட், அதற்குமேல் பேச்சு இல்லை. பிடிப்பவன் யாராக இருந்தாலும் சரி. ஒரு தடவை தலையில் தட்டுச் சுமந்து அந்தப் பக்கமாக வந்த கச்சாங் பூத்தே விற்பவர், தட்டிலிருந்து ஒரு கடலைகூடச் சிந்தாமல் செபாஸ்டியன் அடித்த பந்தை ஒற்றைக் கையில் பிடித்துவிட்டார்.

"பட்டுச்சா?" என்று செபாஸ்டியன் அவரிடமே கேட்டான்.

"எங்க படுது? நேரா கைக்கில்ல வந்துச்சு!"

செபாஸ்டியன் மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து அதுவும் விதி: வழிப்போக்கன் பிடித்தாலும் அவுட்.

இந்தத் திடலில் சூசை நான்கு வருஷம் அண்ணனுக்கு எதிராக ஆடினான். அண்ணன் எந்தப் பந்தைத் தூக்குவான், எதை விடுவான், அடிக்குமுன் நாக்கை எந்தப் பக்கம் கடிப்பான், எல்லாம் அவனுக்குப் பாடம். இருந்தும் ஒரு தடவைகூட அவன் அண்ணனைக் கேட்சு பிடித்ததில்லை. விரலில் பட்டு நழுவியிருக்கிறது. நெஞ்சில் பட்டு எகிறியிருக்கிறது. ஒரு தடவை பிடித்த பந்தோடு ஆற்றுக்குள் விழுந்தான். எழுந்து பார்த்தால் கையில் பந்து இல்லை, தவளை இருந்தது. அந்தத் தவளையைச் சொல்லிச் சொல்லி அண்ணன் ஒரு மழைக்காலத்தை ஓட்டினான்.

வருஷத்துக்கு ஒரு பெரிய ஆட்டம் உண்டு. சூலியா தெருப் பையன்களோடு. அந்த ஒரு நாள் மட்டும் உத்தி கிடையாது. சந்து முழுக்க ஒரே கட்சி. அந்த ஆட்டத்தில் சந்துக்காக அதிக ஓட்டம் எடுத்தவன் அடுத்த வருஷம் வரை கேப்டன். கேப்டனுக்குக் கிடைப்பது மட்டை. பாடாங் மைதானத்தில் ஆடும் வெள்ளைக்காரர் கிளப்பு கைப்பிடி விண்டுபோனதென்று எறிந்தது. சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஊரில் மற்ற பையன்கள் பலகையைச் செதுக்கி ஆடியபோது இவர்களிடம் மட்டும் நிஜமான மட்டை. கேப்டன் அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

முந்தின வருஷங்களில் அண்ணன் தம்பி இருவரையுமே சின்னவர்கள் என்று அந்த ஆட்டத்தில் சேர்க்கவில்லை. போன வருஷ ஆட்டத்தின்போது சூசைக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைக்கு நடுவில் படுத்துக் கிடந்தான். செபாஸ்டியன் கேப்டனாகி வந்தான். அன்றிலிருந்து பாயில் அண்ணன் பக்கத்து ஓரத்தில் மட்டை கிடந்தது. சூசை புரண்டு படுத்தால் அண்ணன் முதுகு. அண்ணனைத் தாண்டினால் மட்டை.

இந்த வருஷம் அது பாயின் இந்தப் பக்கத்துக்கு வரவேண்டும். வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆட்ட நாள் சனிக்கிழமை. சூலியா தெருக் கூட்டம் இரண்டு மாட்டு வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து இறங்கியது. அவர்கள் கேப்டன் முகம்மது சுல்தான், நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர் மகன். நல்ல வாட்டசாட்டம். வரும்போதே ஒரு பெரிய தூக்கில் கறிச்சோறு கொண்டுவந்து மரக்கிளையில் தொங்கவிட்டான்.

"ஜெயிச்சா எல்லாருக்கும் சோறு. தோத்தா நானே எல்லாத்தையும் தின்னுட்டு அழுவேன்" என்றான்.

அவர்கள் முதலில் ஆடி அறுபத்தேழு எடுத்தார்கள். சந்துக்கு அறுபத்தெட்டு வேண்டும். செபாஸ்டியன் கேப்டனாக ஆட்களை வரிசைப்படுத்தினான். முதலில் அவன். பிறகு வின்சென்ட். பிறகு ஒவ்வொருவராக விரல் நீட்டிக்கொண்டே வந்தான். விரல் சூசையிடம் வரவேயில்லை.

"நான்?"

"கடைசி."

"நான் கடைசியா? மானா பூலே! எப்படி அண்ணே ஆகும்? எச்சுமியாவது கடைசியில நிக்கலாம், அவனுக்கு ஒரு கண்ணுதான் தெரியும்!"

"கேப்டன் சொல்றேன்."

சூசை மரத்தடியில் போய் உட்கார்ந்தான். முதல் தடவையாக அண்ணன் கட்சியில் இருக்கிறான். ஒவ்வொரு விக்கெட்டும் விழும்போது அவனுக்குள் ஏதோ துள்ளியது. விழ விழத் தன் முறை நெருங்கும். இது நல்ல புத்தி இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. ஆனால் துள்ளியது.

பஷீர்தான் பிரித்தெடுத்தான். சூலியா தெருவின் பந்துவீச்சாளன், ஒல்லி, இடக்கை. பந்து ரப்பர் பாலை இழை இழையாகச் சுற்றிச் செய்தது. வெயிலேற ஏறக் கிறுக்குப் பிடித்துத் துள்ளும். பஷீர் வீசினால் அது பாம்பு மாதிரி தலை தூக்கியது. வின்சென்டின் தொடையில் ஒன்று, டின்னில் ஒன்று. விக்கெட்டுக்கு இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய் டின். பந்து பட்டால் ஊருக்கே கேட்கும். டங்! ஒருவன் போனான். டங்! இன்னொருவன். வின்சென்ட் தொடையைத் தேய்த்துக்கொண்டே அம்பயர் வேலைக்கு வந்து நின்றான்.

கடைசியாக சூசை இறங்கியபோது முப்பத்திரண்டு வேண்டும். அண்ணன் பன்னிரண்டில் நின்றான்.

"தடுத்துக்கிட்டு நில்லு. நான் அடிச்சுக்கறேன்" என்றான் செபாஸ்டியன்.

சூசை பஷீரின் முதல் பந்தையே மரத்தைத் தாண்டி அடித்தான்.

அதன் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் அந்த வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டு பேரும் ஒரே கட்சி. இரண்டு பேருக்கும் அது மறந்து மறந்து போயிற்று. ஒருவன் அடித்தால் மற்றவன் ஓடமாட்டான், பந்தைத்தான் பார்ப்பான். சூசை "வா" என்றால் செபாஸ்டியன் "இரு" என்பான். செபாஸ்டியன் "ரெண்டு" என்றால் சூசை ஒன்றில் நின்றுவிடுவான், அடுத்த பந்து தனக்கு வேண்டுமென்று. ஒரு தடவை இருவரும் ஒரே முனைக்கு ஓடி, ஒரே கோட்டில் நின்று, ஒருவரையொருவர் தள்ளினார்கள். பஷீர் பந்தைத் தவறவிட்டதால் தப்பினார்கள்.

"டேய், வீட்டுல பாகம் பிரிச்சிட்டுத்தான் வந்தீங்களா?" என்று சுல்தான் கத்தினான். "கோட்டு கச்சேரின்னு போங்கடா! இங்க எதுக்கு வந்தீங்க?"

கூட்டம் சிரித்தது. ஜெயலெட்சுமி அக்காகூடக் கழியை ஊன்றிக்கொண்டு பார்க்க வந்துவிட்டாள்.

ஆனால் ஓட்டம் ஏறியது. ஒருவன் நான்கு அடித்தால் மற்றவனுக்குப் பொறுக்கவில்லை, அவனும் நான்கு அடித்தான். யாரையாவது தோற்கடிக்கிற வெறியில் இரண்டு பேரும் ஆடினார்கள். சூலியா தெருக்காரர்கள்தான் குறுக்கே அகப்பட்டுக்கொண்டார்கள். துணி துவைக்கும் கல்லில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டிருந்த பையன் எழுந்து நின்று கத்தினான்.

"செபா இருவது! சூசை இருவது! நாலு எடுத்தா ஜெயிச்சாச்சு!"

இருபதுக்கு இருபது. சூசைக்குக் காது அடைத்தது. இனி எவன் அடிக்கிறானோ அவன் கேப்டன். ஆனால் மட்டை இப்போது அண்ணன் கையில். இவன் எதிர்முனையில், ஒரு பலகைத் துண்டைப் பிடித்துக்கொண்டு. சந்தின் விதிப்படி ஒருவன் அவுட்டானாலும் ஆட்டம் முடியாது. மிஞ்சியவன் தனியாக ஆடலாம், அவுட்டானவர்களில் ஒருவனைத் துணைக்கு ஓட வைத்துக்கொண்டு. அண்ணன் அவுட்டானால்? சூசை அந்த நினைப்பை விழுங்கினான். 

பஷீர் ஓடி வந்தான். கை சுழன்றது. பந்து அண்ணன் காலடியில் விழுந்து ஏறப்பார்த்தது. செபாஸ்டியன் நாக்கை வலப்பக்கம் கடித்தான்.

நேராகத்தான் அடிப்பான்.

அண்ணன் அடிக்கிறான். பந்து வருகிறது. நான்கு வருஷமாக சூசையின் உடம்புக்குத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். யார் கட்சி, என்ன ஆட்டம், உடம்பு கேட்கவில்லை. பலகைத் துண்டு ஒரு பக்கம் பறந்தது. அவன் மறுபக்கம் பாய்ந்தான். இரண்டு கையும் தரையோடு நீண்டன. பந்து தப்பென்று உள்ளங்கையில் வந்து அடங்கியது. ஒரு புரளல். எழுந்தான். பந்தை வானத்துக்கு எறிந்தான்.

"அவுட்டூ! பிடிச்சிட்டேன்! அண்ணே, நீ அவுட்டூ!"

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வட்டமாக ஓடினான். அரை வட்டம் போனதும்தான் யாரும் கூட ஓடி வரவில்லை என்று கண்டான்.

 கொடியில் விரிப்புகள் மட்டும் படபடத்தன. மேலே போன பந்து கீழே வந்து, இரண்டு தடவை துள்ளி, உருண்டு நின்றது.

முதலில் சுல்தான் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தே விட்டான். பிறகு எல்லாரும். சந்துப் பையன்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் ஓடி வந்தார்கள், சூசையை அடிக்க.

"நாலுடா அது! மரத்துக்குப் போற பந்து! ஜெயிச்சிட்டோம்டா, மடையா!"

"இவனை யாரு பிடிக்கச் சொன்னது?"

வின்சென்ட் கையை விரித்து அவர்களைத் தடுத்தான். அம்பயர் அவன்தான். ஆனால் ஒருவன் தன் கட்சிக்காரன் அடித்த பந்தைத் தானே பிடித்தால் என்ன செய்வது என்று எந்தச் சந்திலும் விதி இருக்கவில்லை.

சுல்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

"இந்தா, நியாயமாப் பேசுவோம். கச்சாங் பூத்தேக்காரர் பிடிச்சாலே உங்களுக்கு அவுட்டுத்தானே?"

"ஆமா" என்றான் வின்சென்ட்.

"அப்ப தம்பி பிடிச்சாலும் அவுட்டுத்தான். பந்து தரையில படலேன்னா அண்ணன் அவுட்டு. பட்டுச்சுன்னா ஓடற பந்தைக் கையால மறிச்சிருக்கான், தம்பி அவுட்டு. எவனாவது ஒருத்தன் போகணும். சரியா?"

யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. வின்சென்ட் தலையாட்டினான்.

"நீ பாத்தியா?"

"இவன் முதுகு மறைச்சிருச்சு."

பஷீர் பந்தை வீசிய வேகத்தில் குப்புற விழுந்திருந்தான். அவன் வாய் நிறைய மண். அவனும் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. பார்த்தவன், பிடித்தவன் ஒருவன்தான்.

செபாஸ்டியன் மட்டையைத் தோளில் வைத்தபடி எதிர்முனையிலிருந்து நடந்து வந்தான். தம்பிக்கு முன்னால் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. முகத்தில் கோபம் இல்லை. கேள்விதான் இருந்தது.

"பட்டுச்சா?"

பட்டது. விரல் நுனிக்கு ஒரு சாண் முன்னால் பட்டது. மண் தெறித்து இமையில் ஒட்டியதை சூசை இன்னும் துடைக்கவில்லை. அந்தத் துகள் கண்ணோரம் உறுத்திக்கொண்டிருந்தது.

ஆனால் மட்டை ஒரு முழ தூரத்தில் இருந்தது. சைக்கிள் டியூபில் அண்ணன் கை வியர்வை பளபளத்தது. நான்கு ஓட்டம். பஷீர் களைத்துப்போயிருந்தான்.

"படல" என்றான் சூசை.

செபாஸ்டியன் மட்டையை நீட்டினான். சூசை வாங்கிக்கொண்டான். செபாஸ்டியன் திரும்பி மரத்தை நோக்கி நடந்தான்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை. மீன் குழம்பில் ஒரு துண்டு கூடிவிட்டால் ஒரு மணி நேரம் வாதாடுகிறவன். பாயில் ஒரு விரல் இடத்துக்கு முழங்கையால் இடிக்கிறவன். ஆமையா புலியா என்று அடித்துக்கொள்கிறவன். கேட்சுக்கு மட்டும் அவன் ஒருநாளும் வாதாடியதில்லை. சூசையின் நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. பிடித்தவன் சொன்னான், போகிறான். நடையில் தயக்கமே இல்லை. அந்த நடையைத்தான் சூசையால் பார்க்க முடியவில்லை. மட்டை கையில் கனத்தது. நிஜமான கேட்சாக இருந்தால் இந்நேரம் திடலை மூன்று சுற்றுச் சுற்றியிருப்பான். ஓடத் தோன்றவில்லை. இதற்குத் தவளையே மேல்.

"அண்ணே! நில்லு!"

செபாஸ்டியன் திரும்பினான்.

"பட்டுச்சு."

"என்னது?"

"பட்டுச்சு! தரையில பட்டுச்சு! நான்தான் அவுட்டு. வா, வந்து ஆடு!"

"இப்பத்தானேடா படலேன்னே?" என்றான் சுல்தான்.

"இப்ப பட்டுச்சுன்னு சொல்றேன். பிடிச்சவன் நான்தானே? பிடிச்சவன் சொல்லுதானே?"

சுல்தான் அவனை மேலும் கீழும் பார்த்தான். "உன் மூளையில ஒரு திருகு கழண்டிருக்குலா" என்றான். ஆனால் தன் ஆட்களைப் பார்த்து, "தம்பி அவுட்டு! இடத்துக்குப் போங்க!" என்று கத்தினான்.

செபாஸ்டியன் ஓடி வந்து மட்டையைப் பிடுங்கினான். ஒரு விநாடி தம்பியை முறைத்தான். நாலு ஓட்டத்துக்கான முறைப்பா, பொய்க்கான முறைப்பா, தெரியவில்லை. இரண்டுக்குமாக இருக்கும்.

"துணைக்கு யாரு ஓடறது?" என்று வின்சென்ட் கேட்டான். அவுட்டான பையன்கள் எல்லாரும் கையைத் தூக்கினார்கள். ஒருவன் சந்திலேயே வேகமான ஓட்டக்காரன். அவன் முன்னாலேயே வந்து நின்றான்.

"சூசை" என்றான் செபாஸ்டியன்.

"இவனா? திரும்பவும் பிடிச்சிருவான்டா!"

"மத்தவன் வேகம் எனக்குத் தெரியாது. இவன் வேகம் தெரியும். நாலு வருஷமா இவனை ரன் அவுட்டு பண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன். எந்த அடியில எங்க இருப்பான்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்." தம்பி பக்கம் திரும்பினான். "கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லு."

சூசை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

முதல் பந்து. தடுத்தான். இரண்டாவது பந்து எகிறி நெற்றியை உரசிக்கொண்டு போயிற்று. கூட்டம் ஓவென்றது. மூன்றாவது. அண்ணன் நாக்கு இடப்பக்கம் போனதை சூசை பார்த்தான். ஆற்றுப் பக்கம்! பந்து மட்டையில் படுமுன்பே அவன் ஓடத் தொடங்கிவிட்டான்.

பந்து ஆற்றோரக் கோரைக்குள் புகுந்தது. இரண்டு பேர் பின்னாலேயே புகுந்தார்கள். அண்ணனும் தம்பியும் நடுவில் ஒருவரையொருவர் கடந்தார்கள். தோள் உரசியது. இந்தத் திடலில் அவர்கள் இப்படிக் கடந்ததே இல்லை. ஒன்று!

"இன்னும் எடுக்கல! வா!" சூசை திரும்பினான். அண்ணனும் அதே நொடியில் திரும்பினான். கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. கால்கள் ஒரே தாளத்தில் விழுந்தன. சூசைக்குச் சிரிப்பு வந்தது. ஓடிக்கொண்டே சிரித்தான். இரண்டு!

கோரைக்குள் சுல்தானின் தலை தெரிந்தது. குனிந்தது. இன்னும் எடுக்கவில்லை. மரத்தடியில் அத்தனை பேரும் குதித்தார்கள். ஜெயலெட்சுமி அக்கா கழியைத் தூக்கி ஆட்டினாள். "ஓடுங்கடா! ஓடுங்கடா!"

"மூணு!" என்று கத்தினான் சூசை. "மூணு இருக்கு! வாண்ணே!"

செபாஸ்டியன் கிளம்பினான். இரண்டடி வைத்தான். அப்போது திரும்பிப் பார்த்தான்.

வேறொன்றுமில்லை, பழக்கம். நான்கு வருஷமாக ஒவ்வொரு ஓட்டத்திலும் அவன் திரும்பிப் பார்த்திருக்கிறான்; ஏனென்றால் பந்தை எறிகிறவன் சூசை. எங்கிருந்து எறிவான் என்று பார்க்காமல் ஓடினதில்லை. இன்று சூசை எதிரே வந்துகொண்டிருந்தான். இருந்தும் கழுத்து திரும்பியது. ஓர் அடி தவறியது. அவ்வளவுதான் வித்தியாசம். கோரைக்குள்ளிருந்து சுல்தான் சேறும் பந்துமாக எழுந்து, முழு உடம்பையும் சுழற்றி எறிந்தான். செபாஸ்டியன் மட்டையை நீட்டிக்கொண்டு பாய்ந்தான்.

டங்!

டின் உருண்டது. தூசி அடங்கியது. மட்டையின் நுனி கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு விரல் தள்ளிக் கிடந்தது.

எல்லாரும் வின்சென்டைப் பார்த்தார்கள். அவன் சந்துக்காரன். உள்ளே என்று சொன்னாலும் கேட்க ஆளில்லை.  அவன் தொடையைத் தேய்த்தான். பிறகு விரலைத் தூக்கினான். தூக்கிவிட்டு ஓவென்று அழுதான்.

ஒரு ஓட்டத்தில் தோல்வி.

சூலியா தெரு முழுக்கத் திடலில் புரண்டது. சுல்தானைத் தூக்கினார்கள், கனம் தாங்காமல் போட்டார்கள், மறுபடி தூக்கினார்கள். சந்துப் பையன்கள் சூசையைத் துரத்தினார்கள். அவன் கொடிகளுக்கிடையில் புகுந்து ஓடினான். ஜெயலெட்சுமி அக்கா கழியோடு குறுக்கே வந்ததால் பிழைத்தான். சுல்தான் சோற்றுத் தூக்கைத் திறந்து எல்லாரையும் கூப்பிட்டான், தோற்றவர்களையும்.

"சூசை, நீ முதல்ல உக்காரு" என்றான். "எங்க கட்சிக்கு இன்னிக்கு நீதான் ரொம்ப ஆடினே. அடுத்த வருஷம் நேராவே எங்க பக்கம் வந்திரு." ஒரு பெரிய கறித்துண்டை எடுத்து அவன் இலையில் போட்டான்.

சூசைநாதனின் வாழ்க்கையில் பிறகு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவைப் போலவே துறைமுகத்தில் கிராணியானான். சவேரியார் கோயிலில் அக்னசை மணந்தான். மூன்று பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்பான். சந்தேகமான கேட்சு என்றால் பிடித்தவனிடமே போய்ப் பட்டுச்சா என்று கேட்பான். அவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவர்கள் குறைவு என்று சொல்வார்கள். செபாஸ்டியன் ரயில்வேயில் சேர்ந்து ஈப்போவுக்குப் போனான். கிறிஸ்துமஸுக்கு இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் கூடும். பலகாரம் முடிந்து பாத்திரம் கழுவுமுன் அண்ணன் தம்பி குரல் உயரும். அக்னசுக்கு அது எதைப் பற்றி என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. சூலியா தெருவிடம் தோற்ற அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் தொடங்கிய வாதம்தான் அது.

"மூணு இல்லவே இல்லை" என்றான் செபாஸ்டியன். மட்டை அவன் தோளில். இருபத்திரண்டு ஓட்டம், அவன்தான் மறுபடியும் கேப்டன். "நீ கூப்பிட்டதாலதான் ஓடினேன்."

"இருந்துச்சு. நீ திரும்பிப் பாத்தே!"

"பாக்காம எப்படி ஓடறது?"

"நான்தான் முன்னால வரேன்ல! வேற யாரைத் தேடினே?"

"பாக்காட்டியும் இல்லை. பாதி தூரத்துலயே சுல்தான் எறிஞ்சிட்டான்."

"முக்கா தூரம்!"

"பாதி!"

"முக்கா! வேணும்னா இப்ப ஓடிப் பாப்போம்."

டத்தோ கிராமாட் சாலையில் விளக்குக் கம்பங்கள் இரண்டுக்கு நடுவில் தூரம் ஏறக்குறைய திடலில் டின்னுக்கும் டின்னுக்கும் உள்ள தூரம்தான். செபாஸ்டியன் ஒரு கம்பத்தடியில் போய் நின்றான். சூசை மற்றதில். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் வைதுகொண்டே ஒதுங்கினார். வயிறு நிறையக் கறிச்சோறு.

"எண்ணு" என்றான் அண்ணன்.

"ஒன்னு!" கடந்தார்கள். "ரெண்டு!" கடந்தார்கள். பின்னால் ட்ராம் மணியடித்தது. சுல்தான் கோரைக்குள் குனிந்தான், எழுந்தான், கையைச் சுழற்றினான். இரண்டு பேர் கண்ணிலும் அவன் அப்படியே இருந்தான்.

"மூணு! வாண்ணே! திரும்பாதே!"

ட்ராம்காரன் மணியை விடாமல் அடித்தான். செபாஸ்டியன் திரும்பவில்லை. கழுத்தை இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நேராக வந்து, மட்டையைக் கம்பத்தில் மோதினான்.

"இருந்துச்சு!" என்று அந்தக் கம்பத்திலிருந்து சூசை கத்தினான். "பாத்தியா, இருந்துச்சு!"

"இல்லை!" என்று இந்தக் கம்பத்திலிருந்து அண்ணன் கத்தினான். மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டு. "எறிஞ்சு முடிச்சிட்டான்! மறுபடி ஓடு!"